அடிக்கொடிக் காய்

ஆனி முடிந்து ஆடி பிறந்தும் அந்த வருசம் மலையிலிருந்து இறங்குகிற சாரல் நிற்கவில்லை. துவைத்துப் போட்ட சேலை நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்தது, தீப்பெட்டி நமத்தது, பீடி இலை பதம் கெட்டுக் கையில் ஒட்டியது. இப்படிச் சீவலாறு ஊரே ஊறிக் கிடந்த ஒரு காலையில், கிணற்றடித் தெருவின் கடைசி வீட்டு ஆவுடைத்தாய் பாத்திரம் கழுவ அடுப்படிப் பின்கதவைத் திறந்தபோது, சாக்கடைக் குழியை ஒட்டி ஒரு சுரை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அவள் போட்ட விதை இல்லை. அவள் வீட்டில் சுரை விதையே கிடையாது. பிடுங்கிப் போடத்தான் குனிந்தாள், குனிந்த கை இலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்தது, பிறகு பாத்திரத்தைக் கழுவினாள்.

பின்கதவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடக்கிற மண், இரண்டு மாடு காலை நீட்டிப் படுத்தால் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். அதற்குள் ஆவுடை வைக்காத காய் இல்லை. ஆடியில் வெண்டையும் கத்தரியும் போடுவாள், ஆவணியில் அவரை ஊன்றுவாள், அடைமழைக்குப் பிறகு கீரை விதை தூவுவாள், பனி இறங்கும்போது அவரை கொத்துக் கொத்தாகப் பூக்கும், மாசியில் மிளகாய், கோடையில் பாகல், இப்படி ஒன்று ஓய்ந்தால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். தின்ன ஒரு வாய், காய்ப்பதோ ஒரு தெருவுக்கு. மிச்சத்தை அக்கம்பக்கத்து வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிடுவாள். தட்டினால் பேச வேண்டி வரும். ஆவுடை பேசி யாரும் கேட்டதில்லை, 'ம்' என்பாள், அதிகம் போனால் 'ம்ஹும்' என்பாள், அவள் வீட்டுக் கிணற்று உருளை அவளைவிட வாயாடி என்று தெருவில் கேலியாகச் சொல்வார்கள்.

அவள் சுரை மட்டும் வைக்காததற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். அம்மா போன பிறகு தம்பி குற்றாலிங்கத்தை வளர்த்தவள் அவள்தான். தனக்கென்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தம்பி தலையெடுக்கட்டும் என்று தட்டிக்கழித்தாள், தம்பி தலையெடுத்தபோது மாப்பிள்ளை வருவது நின்றிருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பின்வாசல் முழுக்கச் சுரைப் பந்தல். பிஞ்சை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும், நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகி விழுந்துவிடும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான், ஆனால் ஆவுடை வீட்டில் அது சட்டம். சின்ன வயதில் குற்றாலிங்கம் விரலை மடக்கி மடக்கியே எல்லாவற்றையும் காட்டுவான், நிலாவைக்கூட. அவனே வளர்ந்து, சேர்க்கை சரியில்லாமல், ஒரு நாள் சாயங்காலம் குடித்துவிட்டு வந்து பந்தல் காலில் மோதி, பந்தலோடு விழுந்து, காய்களின் மேலெல்லாம் புரண்டு எழுந்து நின்று சிரித்தான். ஆவுடை வாசலைக் காட்டினாள். பிஞ்சுக்குக்கூட மடக்குகிற விரலைத் தம்பிக்கு நேராக நீட்டி, "போ, இனி என் கண்ணுல முழிக்காத" என்றாள்.

அவன் போய்விட்டான். கட்டின வேட்டியோடு போனான். அடுப்புக்கு மேலே கொக்கியில் விதைக்கென்று காயவைத்துத் தொங்கவிட்டிருந்த சுரைக்குடுக்கை ஒன்றைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தான். நான் இனி சுரையே போடக்கூடாது என்று வன்மத்தில் எடுத்துப்போயிருக்கிறான் என்று ஆவுடை நினைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வந்து போனது. கொக்கி அப்படியே இருந்தது, அதில் அவள் வேறு எதையும் மாட்டவில்லை.

இப்போது யாரும் கூப்பிடாமல் வந்த இந்தச் சுரை, ஆவணிக்குள் சாக்கடைச் சுவரேறி, கிணற்று மேடையைச் சுற்றி, நட்டுக்கொடுத்த கம்பைப் பிடித்துக்கொண்டு பந்தல் கேட்டது. கேட்கிறதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது? ஆவுடை மூங்கில் வாங்கிப் பந்தல் போட்டாள், செவ்வண்டு விழாமல் சாம்பல் தூவினாள். புரட்டாசியில் பொழுது சாயும் நேரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, ஐப்பசி மழைக்கு நடுவே பிஞ்சுகள் ரோமத்தோடு தொங்க ஆரம்பித்தன. முதல் பிஞ்சை அவள் யாருக்கும் காட்டவில்லை, காட்ட ஆளும் இல்லை, தனக்குத்தானே விரலை மடக்கிக் காட்டிக்கொண்டாள்.

அடுத்த வீட்டுப் பாத்திமுத்து ஒரு நாள் கறிவேப்பிலை பறிக்க வந்தாள். அவள் வீட்டுக்காரர் காசிம் சவூதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார், அவர் ஊரைவிட்டுப் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்த பாத்திமுத்துவின் காதில் ஒரு சுரைக்காய் உரசியது. அவள் நின்றாள். காயைக் கையால் தாங்கி மறுபடி காதில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "உங்க சுரைக்காயில எங்க வீட்டு ஆளு இருமுதாவ."

ஆவுடை வெண்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். "சளி பிடிச்சிருக்கும்" என்றாள். அவள் அந்த மாதத்தில் பேசிய நீளமான பேச்சு அது.

"நேத்துப் போன்ல நல்லா இருக்கேன்னாவளே."

"ம்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாள் பாத்திமுத்து சொர்ணத்தைக் கூட்டிவந்தாள், சொர்ணத்தின் மகன் பம்பாயில் இருக்கிறான், மூன்றாவது காயில் அவன் கிடைத்தான். ஓடுகிற ரயிலின் சத்தம் கேட்டது, அதற்கு மேலே, அவன் காதில் மாட்டியிருந்த குழலில் ஓடிய பாட்டுகூடக் கேட்டது. எவன் காதில் எது விழுகிறதோ அது காயில் கேட்கும், அதுதான் அந்தக் கொடியின் கணக்கு என்று தெருவுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கிணற்றடித் தெருவில் ஆண்கள் இருந்தால் ஒன்று பள்ளிக்கூடம் போகிற வயசு, இல்லையென்றால் கட்டிலை விட்டு எழும்பாத வயசு, நடுவில் உள்ளவர்களெல்லாம் பம்பாயிலும் சூரத்திலும் தம்மாமிலும் தோகாவிலும் இருந்தார்கள், ஆகவே பந்தலில் ஒரு காயும் வீணாகத் தொங்கவில்லை. அவரவர் காய்க்காம்பில் அவரவர் பீடி நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டார்கள், பச்சை பாத்திமுத்துக்கு, மஞ்சள் சொர்ணத்துக்கு, சிவப்பு எதிர் வரிசைத் தெய்வானைக்கு.

போன் இருக்கிறதே, முகம் பார்த்துப் பேசுகிற போனே இருக்கிறதே என்று கேட்கலாம். போனில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். போனில் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள், எல்லோருக்கும் முதலாளி தங்கமானவர், வெயில்கூட அங்கே அவ்வளவு இல்லை. காயில்தான் அவர்கள் நடுச்சோற்றில் எழுந்து ஓடுவதும், யாரோ பாஷை தெரியாமல் ஏசுவதும், அதற்கு இவர்கள் சிரித்துச் சமாளிப்பதும், தனியாக இருக்கும்போது பெருமூச்சு விடுவதும் கேட்டன. காயில் கேட்டதைப் போனில் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. காசிம் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொன்ன நாளில், அவர் காய்ந்த ரொட்டியைத் தண்ணீர் விட்டு விழுங்கியதைக் கேட்டிருந்த பாத்திமுத்து, "ரெண்டு தடவ வாங்கித் தின்னுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கட்டுப்பாடுகள் இன்னும் வந்தன. செருப்பைக் கிணற்றடியில் விட வேண்டும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும், அடுத்தவள் காயில் காது வைக்கக்கூடாது. பீடி சுற்றுகிறவர்கள் சுளகையும் இலைக்கட்டையும் தூக்கிக்கொண்டு பந்தலடிக்கே வந்துவிட்டார்கள், ஒரு காது காயில், கை சுளகில். கடைக்குப் போகிற பீடி தாமதப்படுகிறது என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட வந்து, தோகாவிலிருந்த தன் மருமகன் குறட்டைவிடுவதைச் சற்று நேரம் கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் போனார். எங்கேயோ கேள்விப்பட்டு ஒருவன் கேமராவோடு வந்தான், அவனுக்கு எல்லாக் காயும் சுரைக்காயாக மட்டும் இருந்தன, ஆவுடை அவன் கையில் கொஞ்சம் கத்தரிக்காயைக் கொடுத்து அனுப்பினாள். தெருமுனை வீட்டு ஒருத்தி தன் வீட்டுக்காரர் காயில் வேறொரு பெண் சிரிப்பதைக் கேட்டாள். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை, நகத்தால் அழுத்திப் பார்த்து இளசாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு காயை அறுத்தாள், கடலைப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து மாமியாருக்கும் ஊற்றினாள், மாமியார் நன்றாக இருந்ததாகச் சொன்னாள்.

இத்தனை கூட்டமும் தன் பின்வாசலில் இருக்க, ஆவுடை முன்னைவிடத் தனியாகத்தான் இருந்தாள். வருகிறவர்களுக்கு மோர் கொடுத்தாள், கால்மிதிபட்ட கீரையை நிமிர்த்திவிட்டாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பந்தலின் ஒவ்வொரு காயிலும் அவளும் காது வைத்துப் பார்த்தாள், அது தப்புதான், ஆனால் கொடி அவளுடையது. ஒவ்வொன்றிலும் யாராவது இருந்தார்கள். யாரோ பெற்ற பிள்ளை, யாரோ கட்டின புருசன். அவளுக்கென்று யாரும் இல்லை.

கார்த்திகை கடைசியில், பந்தலெல்லாம் காய்த்து ஓய்ந்த பிறகு, கொடியின் அடியில், வேரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், சாக்கடைச் சுவரோரமாக ஒரு காய் பிடித்தது. தரையில் பட்டு அழுகாமல் இருக்க ஆவுடை பழந்துணியில் சும்மாடு சுற்றி அதன் அடியில் வைத்தாள். யாரும் அதற்கு நூல் கட்டவில்லை, எல்லோருக்கும்தான் காய் கிடைத்துவிட்டதே. கூட்டம் இருக்கும் நேரம் காது வைத்தால், சுற்றிலும் கேட்கிற பேச்சுதான் அதிலும் கேட்டது. ஆகவே சாயங்காலம் தனியாக, மண்ணில் ஒருக்களித்துப் படுத்துக் காதை வைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இருமல் இல்லை, குறட்டை இல்லை. மறுநாளும் படுத்தாள், அதற்கு மறுநாளும். அவள் அப்படிப் படுத்து ஒன்றும் கேட்காமல் எழுந்து போவதைப் பாத்திமுத்து தன் வீட்டிலிருந்து பார்த்தாள், தெருவுக்கும் தெரிந்துபோனது. தம்பியின் காய் இதுதான் என்று அவளுக்கு எப்படியோ உறுதியாக இருந்தது, அந்த உறுதிதான் அவளைத் தின்றது.

மார்கழியில் ஒரு காலை, பனி விலகுவதற்கு முன்னால், சிவப்பு நூல் கட்டிய காய் பேசாமல் போயிற்று. தெய்வானையின் வீட்டுக்காரர் சூரத்தில் மேஸ்திரி. தெய்வானை காதை மாற்றி வைத்துப் பார்த்தாள், காயை லேசாகத் தட்டிப் பார்த்தாள், பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, தலையில் பூ வைக்காமல், போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதியத்துக்கு மேல் போன் வந்தது, சாரம் சரிந்துவிட்டது என்றார்கள். தெருவே அவள் வீட்டு வாசலில் கிடந்தது. அன்றைக்குத்தான், பேசாத காய் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்ததும் எல்லோர் கண்ணும் ஒரு தடவை ஆவுடை பக்கம் போய்த் திரும்பியது.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மோர் வாங்கும்போது கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்கள். அடிக்கொடிக் காயைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் வார்டு மெம்பர் வெள்ளத்துரை வந்தார், நல்ல மனுசர், செருப்பைக் கிணற்றடியில் விட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் அவரைப் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆவுடக்கா, நல்லாக் காச்சிருக்கு இந்த வருசம்."

"ம்."

"இல்ல, தை அமாவாசைக்குப் பாவநாசத்துக்கு வேன் போகுது. தெய்வான வீட்டுக்கும் சேத்துத்தான். தம்பிக்கும் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோமே. எம்மகன் வாரான், அவன் எள்ளுந் தண்ணியும் விடுவான். நீங்க கூட வந்து நின்னாப் போதும்."

ஆவுடை அவரைக்காய்களை மடியில் கட்டிக்கொண்டே இருந்தாள். செத்துப்போனவனுக்குச் செய்யாமல் விட்டால் அவன் எங்கேயாவது தாகத்தோடு நிற்பானே, உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்துவிட்டால் அது மறுபடியும் வாசலைக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே, இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவள் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் ஊர் சொல்வதற்கு எதிராக வைக்க அவளிடம் என்ன இருந்தது? பேசாத ஒரு காய் இருந்தது. "சரி" என்றாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஆவுடை தான் சுற்றின பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். பந்தலில் அநேகமாக ஆள் இல்லை, காய்கள் முற்ற முற்ற ஓடு தடித்துச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது, பலர் வருவதை விட்டுவிட்டார்கள். பாத்திமுத்து மட்டும் பச்சை நூல் காயில் காசிமின் கடைசி முணுமுணுப்பையும் கேட்டுவிட்டு, ஏதோ தோன்றி, அடிக்கொடிக் காய்ப் பக்கம் குனிந்தாள். நாளைக்கு எள்ளுத்தண்ணீர் விடப்போகிறவனின் காய், ஒரு தடவை தொட்டுக்கொடுப்போம் என்றுதான் குனிந்தாள்.

ஆவுடை திரும்பி வந்தபோது பாத்திமுத்து மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கடையில கணக்கப்பிள்ள உங்ககிட்ட, தம்பிக்கு நாளைக்கான்னு கேட்டாரா?"

"ம்."

"நீங்க இப்படித்தான் ம்முன்னிய. பெறவு சைக்கிள் ஒண்ணு மணியடிச்சிட்டு ஒங்கள ஒரசிப் போச்சு. பெறவு செருப்பு வாரு அந்துட்டு. அங்கேருந்து ஒத்தச் செருப்போட இழுத்து இழுத்து வந்திய."

ஆவுடை காலைப் பார்த்தாள். ஒரு செருப்பு கையில் இருந்தது.

"இந்தக் காயில நீங்கதான் கேக்கிய அக்கா" என்றாள் பாத்திமுத்து. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தோன்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தெருவுக்கும் சேதி போய்விட்டது, தெருவும் அதற்கு ஒரு அர்த்தத்தைப் பிடித்துவிட்டது: வெளியில் யாருமே இல்லாதவளுக்கு வேறு யார் கேட்பார்கள், அவளுக்கு அவளேதான் கேட்பாள். பாவம், என்று சொன்னார்கள். அதைவிடப் பெரிய பாவம் ஒன்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆவுடை அந்தச் சாயங்காலம் அடுப்பு மூட்டவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேருக்கு இத்தனை பேரைக் கொடுத்த கொடி, தண்ணீர் ஊற்றியவளுக்கு அவள் செருப்புச் சத்தத்தையே திருப்பிக் கொடுக்கிறது என்றால், அவளுக்கு யாரும் இல்லை என்று அந்தக் கொடிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் தீர்கிற தனிமை இல்லை அது. அண்ணாந்தபோது கொக்கி தெரிந்தது.

காலையில் வேன் வந்து தெருமுனையில் நின்றது. தெய்வானை ஏறிவிட்டாள், வெள்ளத்துரையின் மகன் எள்ளுப் பொட்டலத்தோடு நின்றான், ஆவுடை குளித்து, சேலை மாற்றி, பின்கதவைப் பூட்டப் போனாள். பூட்டுகிறதற்கு முன்னால் தொண்டையைச் செருமினாள், ஈரத்தலைக்கு வருகிற செருமல்தான். சாக்கடைச் சுவரோரத்தில், அமைதியாகக் கிடந்த காயிலிருந்து, ஒரு மூச்சு நேரம் பிந்தி, அதே செருமல் மெல்லக் கேட்டது.

ஆவுடை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிந்தி வருகிறது. தன் காதில் விழுவது தனக்கே கேட்கிறது என்றால் அது ஏன் பிந்த வேண்டும்? போய்விட்டு வருகிற சத்தம் அது. எங்கேயோ ஓர் இடத்துக்குப் போய், ஒரு காதில் விழுந்து, அந்தக் காதிலிருந்து திரும்பி வருகிறது. எவன் காதில் எது விழுகிறதோ அதுதானே காயில் கேட்கும், அப்படியானால் அவள் செருப்பு அறுந்த சத்தம் யார் காதில் விழுந்தது? இந்தப் பின்வாசலில் காய்த்த சுரையின் விதையை, கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போனவன் ஒருவன்தானே உண்டு.

வன்மத்தில் எடுத்துப்போகவில்லை. அவள் வீட்டிலிருந்து ஒன்றாவது கூட இருக்கட்டும் என்று எடுத்துப்போயிருக்கிறான். போன இடத்தில் ஊன்றியிருக்கிறான், காய்த்திருக்கிறது, காதை வைத்திருக்கிறான். அவள் வாளி, அவள் துடைப்பம், அவள் கிணற்று உருளை எல்லாம் வருசக்கணக்காக அவன் காதில் விழுந்திருக்கின்றன. அவள் குரல் 'ம்' என்பதற்கு மேல் விழுந்திருக்காது. அவள்தான் பேசுவதே இல்லையே. இவள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேட்டிருக்கிறாள், அவன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு இவளைக் கேட்டிருக்கிறான், இரண்டு பேரும் சும்மா இருந்ததால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

வேன்காரன் ஹாரன் அடித்தான். ஆவுடை மாற்றின சேலையோடு மண்ணில் படுத்துக் காதை வைத்தாள். என்ன பேசுவது? வாய் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எவ்வளவோ சொல்ல இருந்தும் வந்தது இவ்வளவுதான்:

"வெண்டைக்கா முத்திட்டு. பறிக்கணும். அவரை இந்த வருசம் நல்லாக் காச்சிருக்கு."

அவள் குரல் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதன் பின்னால், எதுவோ கீழே விழுந்து உருளுகிற சத்தம், ஒரு தகர டம்ளராக இருக்கலாம். பிறகு, கனத்துப்போயிருந்தாலும் அவளுக்குத் தெரிந்த குரல்.

"பேசுதா" என்றது அது. "ஏ தாயி, இங்க ஓடியா. அக்கா பேசுதா."

"யாருப்பா?" என்றது ஒரு சின்னக் குரல்.

"உங்க அத்த."

"எனக்கு எட்டலப்பா. தூக்கு."

வளையல் உரசியது, இலை சலசலத்தது, பிறகு மிகப் பக்கத்தில், சளி பிடித்த மூக்கால் மூச்சு விடுகிற ஒரு சத்தம் வந்தது. அத்தை என்று தன்னைச் சொல்ல உலகத்தில் ஒரு வாய் இருக்கிறது என்பது ஆவுடைக்கு அந்த நிமிசம் வரை தெரியாது. அவள் அழுதாள். அழுதுகொண்டே, இத்தனை வருசம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னாள்.

"குத்தாலம், அன்னைக்கு நான் வெரல நீட்டியிருக்கக் கூடாதுல."

அங்கே யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சின்னக் குரல், "அத்த வெரல்னு என்னமோ சொல்லுதாவ. நீ ஏம்பா அழுவுத?" என்றது.

கூப்பிட வந்த வெள்ளத்துரை பின்கதவில் நின்று இதைப் பார்த்தார். மண்ணில் கிடக்கிற ஆவுடையையும், அவள் பேசிக்கொண்டே இருப்பதையும் பார்த்தார், போய் மகனிடம் எள்ளுப் பொட்டலத்தில் பாதியைத் திருப்பி வைக்கச் சொன்னார். வேன் தெய்வானை வீட்டுக் காரியத்துக்கு மட்டும் பாவநாசம் போய்வந்தது.

அந்தக் காய் முற்றும்வரை ஆவுடை பேசினாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள், வா என்று தினமும் சொன்னாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அவளைப் போலத்தானே இருப்பான். மாசியில் ஓடு தடித்தது, பிள்ளையின் மூச்சு தேய்ந்தது, ஒரு நாள் காயை ஆட்டினால் விதைதான் உள்ளே கலகலத்தது. அவள் அதைக் கொடியிலிருந்து அறுத்து, காம்படியில் துளையிட்டு, பாதி விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தோடு குடுக்கையைக் கொக்கியில் மாட்டினாள். கொடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டாள். பந்தலடிக்கு வர யாருக்கும் வேலை இல்லாமல் போனது, பின்வாசல் பழையபடி காலியானது.

ஆனால் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. இங்கே கேட்காவிட்டால் என்ன, அங்கே கேட்குமே. மிளகாய் நடும்போது மிளகாய் நடுகிறேன் என்றாள், கோடையில் பாகலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கிணறு வற்றிவிட்டது என்றாள், காசிம் லீவில் வந்திருக்கிறார், வந்ததிலிருந்து தூங்குகிறார் என்றாள். விடிந்ததிலிருந்து அடையும்வரை ஆளில்லாத தோட்டத்தில் ஒற்றைக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் யாரோடு பேசுகிறாள் என்று கேட்டால், தம்பியோடு என்று மற்றவர்கள் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மறுபடி சாரல் இறங்கியது. ஆடியில் அவள் அடுப்படிப் பின்புறம் குழி எடுத்து விதையை ஊன்றினாள், ஆவணியில் கொடி பந்தல் கேட்டது, மூங்கில் வாங்கிப் போட்டாள். ஒரு நாள் கறிவேப்பிலை பறிக்க வந்த பாத்திமுத்து பந்தலில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, ஆட்டுக்குட்டிதான் உள்ள வரலாம் போல. பந்தல ஏன் இவ்வளவு தாழப் போட்டிய?"

ஆவுடை முதல் பிஞ்சை விரல் மடக்கி அவளுக்குக் காட்டினாள்.

"பிள்ளைக்கு எட்டணும்லா" என்றாள்.